தண்ணி மாறிடுச்சு

வங்கக் கடல் இடைநிலையம் 2, ஆய்வுக்கூடப் பதிவேடு
எழுதுபவர்: ரெஜினா வேதமாணிக்கம், நுண்ணுயிரியலாளர்

பணி நாள் 19, காலை 06:10

மூச்சு வாயில்கள் நான்கும் சோதிக்கப்பட்டன. மூன்று சரி. நான்காவது இரண்டு நொடி தாமதம், திருத்தியாயிற்று. ஆய்வுக்கூடக் காற்றழுத்தம் சரி. அலை உயரம் அரை மீட்டர்.

பாலைவனக் குவிமாட நகரத்திலிருந்து வந்த விண்ணோடம் 05:20க்கு இறங்கியது. பயணிகள் 288. அனைவரும் கூடம் 3இல் இருக்கிறார்கள். இவர்களில் 257 பேர் ஊர் திரும்புகிறவர்கள். மாலை 17:00க்கு நான்கு படகுகளில் சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் செல்வார்கள். மீதி 31 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். குவிமாட வேலை முடிந்து, வட துருவத் துறைமுக வேலைக்கு மாற்றப்படுகிறார்கள். அவர்களுடைய விண்ணோடம் நாளை மறுநாள். அதுவரை அவர்களின் கைபேசிகள் ஒப்பந்தக்காரரின் முத்திரைப் பையில் இருக்கும்.

எனக்குப் பின் பணிக்கு வருபவருக்காக நடைமுறையை ஒரு முறை எழுதிவிடுகிறேன். பயணி முதலில் மூச்சு வாயிலில் ஊதுகிறார். தெரிந்த கிருமிகளின் பட்டியலோடு கருவி அதை ஒப்பிடுகிறது. பிறகு அறிவிப்புப் பெட்டியின் முன் நின்று, உடம்புக்கு என்ன என்பதைத் தன் மொழியில் சொல்கிறார். பெட்டி அதைக் குறியீடாக மாற்றுகிறது. மருந்து, படுக்கை, ஆக்சிஜன் எல்லாம் குறியீட்டின்படிதான். இந்த நிலையத்தில் மனிதர் ஒருவர் மட்டுமே. ஆறு வாரம் நான். ஆய்வுக்கூடக் கதவு கரையிலிருந்துதான் திறக்கும். கூடம் 3ஐக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், மருத்துவ மூலையிலுள்ள ஒலிக்கருவி வழியாகப் பேசலாம், தள்ளுவண்டிக் கருவியை அனுப்பலாம். வேறு எதுவும் செய்ய முடியாது.

மூச்சு வாயில் முடிவு: 288 பேரும் சுத்தம்.
அறிவிப்புப் பெட்டி முடிவு: 31 பேருக்கு நீர்-4. குடிநீர் மாற்றத்தால் வயிற்றுக் கோளாறு. தலைக்கு நான்கு பொட்டலம் உப்பு-சர்க்கரைக் கரைசல் வழங்கப்பட்டது. நிலையக் குடிநீர் சோதனைக்கு எடுக்கப்பட்டது.

07:45

குடிநீரில் கிருமி எதுவும் இல்லை. 31 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்களே. ஊர் திரும்புகிறவர்கள் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஒருவருக்கும் நீர்-4 இல்லை. குறித்துக்கொண்டேன்.

08:30

கூடம் 3இன் கழிப்பறைக் கதவுக் கணக்கைப் பார்த்தேன். வயிற்றுப்போக்குள்ள 31 பேர் இருக்கும் கூடத்தின் கணக்கு இல்லை அது. வழக்கமான எண்ணிக்கைதான். கண்ணாடி வழியாகப் பத்து நிமிடம் எண்ணினேன். 114 இருமல்.

மருத்துவ மூலையிலிருந்து அழைப்பு. பேசியவர் பவளக்கொடி, வயது 47, திருத்துறைப்பூண்டிக்காரர், தொழிலாளர் குழுவின் சமையல்காரர். குழுவுக்காகப் பேசுபவரும் அவர்தான்.

"டாக்டரம்மா, இந்த உப்புத்தண்ணிய இன்னும் எத்தன தடவ குடிக்கிறது? நாக்கு கருவாடா போச்சு."

எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று கேட்டேன்.

"வயித்துப்போக்கா? யாருக்கும் இல்லியே. எல்லாம் சளி, இருமல். ராத்திரி பூரா இருமி இருமி நெஞ்செலும்பு வலிக்குது."

பிறகு ஏன் பெட்டியில் தண்ணீர் என்று சொன்னீர்கள் என்றேன்.

"தண்ணி மாறினா சளி பிடிக்காதா? நீங்க எந்த ஊருங்க?"

நாகர்கோவில் என்றேன்.

"அங்கல்லாம் பிடிக்காதோ என்னமோ."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

08:50

அவர் சொன்னது சரி. நாகர்கோவிலிலும் அப்படித்தான் சொல்வோம். வெளியூர் போய் வந்து மூக்கு ஒழுகினால் தண்ணி மாறிடுச்சு. தொண்டை கட்டினால் தண்ணி ஒத்துக்கல. என் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். தமிழ் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். பெட்டி யாரையும் கேட்கவில்லை. தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்தது, வயிறு என்று எழுதிவிட்டது.

தள்ளுவண்டியை அனுப்பி 31 பேரின் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தேன். நோய்க் குறியீடு உள்ளவர்களிடம் மட்டுமே வண்டி மாதிரி எடுக்கும். மற்றவர்களுக்காகக் கூடத்தின் காற்று வடிகட்டியிலிருந்து ஒரு துண்டு.

09:25

கரைக் கட்டுப்பாட்டு அறை. பணியில் இருப்பவர் தியாகேசன். குறியீடு தவறு, 31 பேருக்கும் மூச்சுக் குறியீடு தர வேண்டும் என்றேன்.

"மேடம், குறியீட்ட நான் எப்படி மாத்துறது? பயணி சொன்னத பெட்டி பட்டியல் பாத்துப் போட்டிருக்கு. தமிழ்ப் பட்டியல் இதோ முன்னாடியே இருக்கு. தண்ணி மாறியது, தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணி சேரவில்லை. மூணும் நீர்-4. தெளிவா இருக்கே."

பட்டியலை எழுதியவனுக்குத் தமிழ் தெரியாது என்றேன்.

"ஒரு நிமிஷம் மேடம். கீழ பேரு போட்டிருக்கு." காகிதம் புரளும் ஓசை. "தயாரிப்பு, ரெ. வேதமாணிக்கம். அது நீங்கதான?"

09:40

நான்தான்.

பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பிற்பகல். நிலையங்கள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மொழிக்கும் நோய்ச் சொற்பட்டியல் வேண்டும் என்றார்கள். தமிழுக்கு யாரும் இல்லை, நீ எழுதிக்கொடு என்றார் மேலாளர். குளிரூட்டிய அறை, மூன்று மணி நேரம், 240 சொற்கள். அந்த ஆண்டு எல்லோரும் வாந்தி-பேதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். தண்ணி என்று வந்ததையெல்லாம் நீர்ப் பகுதியில் தள்ளினேன். ஏசி ஒத்துக்கல என்பதை வெப்பநிலை அசௌகரியம் என்று போட்டேன். அலைச்சல் என்பதை ஓய்வின்மை என்று போட்டேன். இரண்டும் நோய்க் கணக்கில் வராது. ஒருவரிடமும் படித்துக் காட்டவில்லை. நாலரை மணி பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

நான் கோபமாக இருக்கிறேன் என்பதைப் படிப்பவர் குறித்துக்கொள்ளலாம். எண்கள் கோபத்தில் எழுதப்பட்டவை அல்ல.

11:15

தொழிலாளர்களில் ஒருவருக்கு நிலைமை மோசம். ஜோதிநாதன், வயது 39, பற்றவைப்பவர், பவளக்கொடியின் கொழுந்தன். உட்கார்ந்தே மூச்சு வாங்குகிறார். விரலில் மாட்டிய கருவி: ஆக்சிஜன் 90. காய்ச்சல் இல்லை. இந்த நோயில் யாருக்குமே காய்ச்சல் இல்லை. அதனால்தான் வெப்பக் கேமராவும் பார்க்கவில்லை.

ஆக்சிஜன் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். பெட்டியின் பதில்: நீர்-4க்கு ஆக்சிஜன் அனுமதி இல்லை. மேலும் இரண்டு பொட்டலம் உப்பு-சர்க்கரைக் கரைசல் வெளியே வந்தது.

பவளக்கொடி:

"மூச்சு விட முடியலங்குறேன், மறுபடி உப்புத்தண்ணியா? இவன் என்ன ஊறுகாயா?"

13:20

மாதிரி முடிவு. 31இல் 27 பேரிடம் ஒரே வைரஸ். தெரிந்தவற்றில் மிக நெருங்கியதோடு ஒப்பிட்டால் 71 விழுக்காடு ஒற்றுமை. அதாவது நம் பட்டியலில் இல்லை. அதனால்தான் மூச்சு வாயில் சுத்தம் என்றது. தெரிந்த முகங்களை மட்டுமே நிறுத்தும் காவலாளி அது.

காற்று வடிகட்டியிலும் அதே வைரஸ், நிறைய. கூடத்தின் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு சுழற்சிக் காற்று. நோய் என்று அறிவித்தால்தான் வெளிக்காற்றுக்கு மாறும். 288 பேரும் எட்டு மணி நேரமாக அதைச் சுவாசிக்கிறார்கள்.

13:35

தியாகேசனிடம் முடிவை வாசித்தேன். படகுகளை நிறுத்தச் சொன்னேன்.

"மேடம், நீங்க சொல்றது ஆய்வுத் தரவு. நோய் அறிவிப்பு வேற. விண்ணோடத்துல வந்தவங்கள்ல நூத்துக்கு ரெண்டு பேர் மூச்சுக் குறியீடு வாங்கணும். 288க்கு ஆறு பேர். ஆறு பேர் அவங்க வாயாலயே சொன்னா கூடம் தானா பூட்டிக்கும், படகு தானா நிக்கும். நான் ஒண்ணும் செய்யவே வேணாம்."

இங்குள்ள ஆய்வாளருக்கு முன்பு அந்த அதிகாரம் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் பறித்துவிட்டார்கள். வேறொரு நிலையத்தில் ஒருவர் வீணாக மூன்று விண்ணோடங்களை நிறுத்திவிட்டாராம்.

ஆறு பேர். மணி 17:00. இதுதான் கணக்கு.

13:50

பவளக்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புதிய வைரஸ், ஆறு பேர், படகு. பெட்டியின் முன் நின்று இருமல் என்று சொன்னால் போதும் என்றேன். முழுதும் கேட்டுக்கொண்டு, பின்னால் திரும்பிக் குழுவிடம் ஏதோ கேட்டார். பிறகு:

"டாக்டரம்மா, நீங்க இவ்ளோ நேரம் வெவரம் இல்லாமத்தான் பேசுனீங்களா? சளின்னு சொன்னா இருவத்தோரு நாளு உள்ள போடுவாங்க. ரெண்டு நாளுல அங்க போய் நிக்கலன்னா வேலை வேற ஆளுக்கு. தண்ணின்னு சொன்னா நாலு பாக்கெட்டோட விட்டுருவாங்க. இது எங்க ஏஜென்ட்டு சொல்லிக்குடுத்தது. எங்களுக்கு மட்டும் இல்ல, எல்லா ஏஜென்ட்டும் எல்லாருக்கும் சொல்லிக்குடுக்கிறதுதான். பாஸ்போட்ட கையில குடுக்கயில சொல்லுவாரு. பெட்டி முன்னாடி போனா வாயில தண்ணியத் தவிர வேற வரக்கூடாதுன்னு."

எத்தனை ஆண்டாக என்று கேட்டேன்.

"நான் வேலைக்கு வந்து எட்டு வருஷம். அப்பவே பழைய பாடம்."

14:10

ஆவணத்தைத் திறந்தேன். பன்னிரண்டு ஆண்டில் இரண்டு இடைநிலையங்களிலும் நீர்-4 அறிவிப்புகள்: 46,218. தமிழில் சொன்னவர்கள்: 41,806. முதல் மூன்று ஆண்டு, ஆண்டுக்குத் தொண்ணூறு. நான்காம் ஆண்டு ஆயிரத்து நூறு. அதன் பிறகு ஆண்டுக்கு ஐயாயிரம்.

உலகத்தில் ஒரே ஒரு மொழி பேசுகிறவர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு ஐயாயிரம் முறை வயிறு கெடுகிறது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதுகூடத் தவறு, செயல்பட்டிருக்கிறார்கள். குடிநீர்த் தொட்டியை மூன்று முறை மாற்றியிருக்கிறார்கள். ஆறாம் ஆண்டு புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டி, திறப்பு விழா நடத்தி, கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். கல்வெட்டின் படம் கோப்பில் இருக்கிறது. தமிழ்ப் பயணிகளின் நலனுக்காக என்று பொறித்திருக்கிறது.

சளியை மறைக்க நான் ஒரு வாசல் வைத்துக் கொடுத்தேன். ஏஜெண்டுகள் கண்டுபிடித்துவிட்டார்கள். நிலையங்களை நடத்தும் ஆணையம் அந்த வாசலுக்கு மாலை போட்டது. நோயாளி நோயைச் சொன்னால் பிழைப்பைப் பிடுங்குகிற ஒரு விதியை எழுதிவிட்டு, பிறகு அவன் வாயிலிருந்தே உண்மை வர வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்.  

14:35

ஜோதிநாதன்: 84. உதடு நீலம். பெட்டியின் முன் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அவரே சொல்ல வேண்டும் என்பது விதி. வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை. பெட்டி மூன்று முறை கேட்டது: தெளிவாகக் கூறவும். மூன்றுக்கும் பதில் வராததால் முந்தைய அறிவிப்பே தொடரும் என்றது. நீர்-4.

பவளக்கொடி அவரை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டிக்கு முன் வந்தார்.

"எழுதிக்க. பவளக்கொடி. எனக்குச் சளி, இருமல், மூச்சு முட்டுது. தண்ணியும் இல்ல மண்ணும் இல்ல. போதுமா, இன்னும் வேணுமா?"

மூச்சுக் குறியீடு: 1. அலமாரி திறந்தது. ஒரு ஆக்சிஜன் புட்டி, பவளக்கொடி பெயரில். அதை ஜோதிநாதன் முகத்தில் மாட்டினார். 91க்கு ஏறியது.

ஒரு புட்டி நாற்பது நிமிடம் வரும்.

14:50

மற்றவர்களும் இப்போதே சொல்ல வேண்டும் என்று மன்றாடினேன். பவளக்கொடி மறுத்தார்.

"ஒரு புட்டி தீரட்டும், அடுத்த ஆளு சொல்லுவாரு. எல்லாம் பேசி வச்சாச்சு. ஒரு ஆளு சொன்னா ஒரு குடும்பம் தெருவுல நிக்கும். ஒண்ணு போதும்ங்கும்போது ஆற எதுக்குத் தெருவுல நிறுத்தணும்?"

படகில் போகிற 257 பேரைப் பற்றிச் சொன்னேன்.

"அவங்க எங்களப் பத்தி நெனச்சாங்களா? காலையிலேர்ந்து எங்க பக்கம் ஒரு நாற்காலி காலியா கெடந்தாலும் உக்கார மாட்டேங்குறாங்க. இவங்களுக்காக எங்காளு பொழப்ப விடணுமா? அவங்களும் இருமத்தான் செய்யுறாங்க. போய் அவங்களச் சொல்லச் சொல்லுங்க."

எனக்கு அவர் மீது கோபம் வந்தது. அவர் சொன்னதில் தவறான வாக்கியம் எது என்று தேடினேன். ஒன்றும் இல்லை.

ஊர் திரும்புகிறவர்களில் இருமுகிறவர்கள் பன்னிரண்டு பேரையாவது கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். காலையில் பெட்டியிடம் அவர்கள் சொன்ன பதிவைக் கேட்டேன். ஏசி ஒத்துக்கல, நாலு பேர். அலைச்சல், ஐந்து பேர். தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட வந்துட்டேன், ஒருவர். இரண்டு பேர் ஒன்றுமே இல்லை என்றார்கள். கூடத்துப் பொது ஒலிபெருக்கி கரையின் கையில், என்னிடம் இல்லை.

15:15

இரண்டாவது புட்டி. சொன்னவர் தச்சர். மூச்சுக் குறியீடு: 2.

15:55

மூன்றாவது. மின்பணியாளர். பெட்டியிடம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

ஜோதிநாதன்: 88. புட்டி மாட்டியும் 88.

16:20

பவளக்கொடி தானாகக் கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது.

"டாக்டரம்மா, படகு எங்கெங்க போவுது?"

நான்கு ஊர்ப் பெயரையும் சொன்னேன்.

"நாகப்பட்டினம் படகுல எத்தன பேரு?"

62.

"எறங்குனா திருத்துறைப்பூண்டி பஸ்சு அங்கதான். எம் பொண்ணு அந்த ஊரு பொது ஆஸ்பத்திரியில இருக்கா. ஏழு மாசம், ரத்தக்கொதிப்புன்னு சேத்திருக்கு." சிறிது நேரம் இருமினார். "வயித்துப் புள்ளக்காரிக்கு இது வந்தா என்னாவும்?"

எனக்குத் தெரியாது. இது யாருக்கும் தெரியாத வைரஸ். ஆனால் 39 வயதுப் பற்றவைப்பவருக்கு என்ன ஆயிற்று என்பதை இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருந்தோம். அதைத்தான் சொன்னேன்.

"சரி. இருங்க."

16:36

நான்காவது, 16:35. புட்டி தீர்ந்ததற்காக. பவளக்கொடி கூட்டத்தைக் கூட்டிப் பேசுகிறார். கண்ணாடி வழியாகக் கைகள் மட்டும் தெரிகின்றன. ஒருவர் எழுந்து எதிர்த்துப் பேசுகிறார். மருத்துவ மூலை ஒலிக்கருவியில் அவர் குரல் துண்டு துண்டாக விழுகிறது:

"...ஓம் பொண்ணுக்காக எம் பொண்ணு கல்யாணம் நிக்கணுமா அக்கா..."

"நிக்கட்டும்டா. இருந்தா அப்புறம் பண்ணிக்கலாம்."

16:38

ஐந்தாவது.

16:41

படகுகள் துறையில் நிற்கின்றன. நான்கும். நேரம் 17:00 என்று என் அட்டவணை சொல்கிறது. பயணிகள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

தியாகேசன்:

"அலை ஏறுதுன்னு எச்சரிக்கை மேடம். முன்கூட்டியே கிளப்பச் சொல்லிட்டேன். பயணிகள் பாதுகாப்புதான் முக்கியம், இல்லையா?"

நிலையத்தின் அலைமானி: 0.6 மீட்டர். காலையிலிருந்து 0.1 ஏறியிருக்கிறது. கரைக்கு வந்த வானிலைச் செய்திகள் எனக்கும் வருகின்றன. இன்று எச்சரிக்கை எதுவும் இல்லை.

அவர் திரையில் எண் தெரியும். ஐந்து என்று தெரியும். ஆறு ஆகிவிட்டால் 257 பேரை இருபத்தோரு நாள் வைத்துச் சோறு போட வேண்டும், ஏன் என்று அவர்தான் பதில் சொல்ல வேண்டும். படகு போய்விட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இதை ஊகம் என்று குறிக்கிறேன். அலைமானி ஊகம் அல்ல.

16:44

படகுகள் கிளம்பின.

16:49

ஆறாவது. எதிர்த்துப் பேசியவர்தான். பெட்டியின் முன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் சொல்லி, எனக்கு நாலு நாளாக இருமல் என்றார்.

கூடம் 3 பூட்டிக்கொண்டது. காற்று வெளிக்காற்றுக்கு மாறியது. உள்ளே 31 பேர். 257 நாற்காலிகள் காலி.

16:52

படகுகளைத் திருப்பச் சொன்னேன்.

"பூட்டு கூடத்துக்குத்தான் மேடம். கூடத்துல இல்லாதவங்களுக்கு எப்படிப் பொருந்தும்?"

18:05

மீதி 25 பேரில் இருபது பேர் வரிசையில் நின்று சொன்னார்கள். புட்டிக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ஒருவர் பெட்டியைப் பார்த்து, ஒன்றுக்கு இரண்டு முறை, சளி சளி என்றார். பத்து வருடம் அடக்கி வைத்த சொல்போல இருந்தது. அலமாரியில் இருந்தது மொத்தம் பன்னிரண்டு புட்டி. மீதியைக் கேட்டுக் கரைக்கு எழுதியிருக்கிறேன். பதில்: நாளை.

மருத்துவப் படகு கேட்டேன். பதில்: நோயாளியின் குறியீடு நீர்-4. அவசரம் இல்லை.

18:40

ஜோதிநாதன்: 71.

18:52

ஜோதிநாதன் இறந்தார். பவளக்கொடி அவர் முகத்திலிருந்து முகமூடியைக் கழற்றி, புட்டியை மூடி, பக்கத்தில் இருமிக்கொண்டிருந்த தச்சரிடம் கொடுத்தார்.

பெட்டி இறப்புக்குக் காரணம் எழுதியது: நீர்ச்சத்துக் குறைவு.

இதை நான் மாற்ற முடியாது. இங்கே எழுதுகிறேன். ஜோதிநாதன், பற்றவைப்பவர், வயது 39, நுரையீரல் தொற்றால் இறந்தார். அவர் உடம்பில் நீர்ச்சத்து போதுமான அளவு இருந்தது. ஆறு பொட்டலம் குடித்திருந்தார்.

19:04

படகுகளை நேரடியாக அழைக்கிறேன். கடல் அவசர அலைவரிசை நிலையத்தில் ஓர் இறப்பு பதிவானால் மட்டுமே எனக்குத் திறக்கும். சென்னை, புதுச்சேரி, கடலூர்: பதில் இல்லை.

19:09

நாகப்பட்டினம் படகு. ஓட்டுநர் பெயர் அருள்ராயன்.

"சொல்லுங்கம்மா. எல்லாரையும் எறக்கிட்டேன், ஒருத்தருக்கும் ஒரு கொறையும் இல்ல. கொஞ்சம் இருமல்தான். ஒரு பெரியவருக்கு ரொம்ப முடியல, கையப் புடிச்சு நாந்தான் எறக்கி உட்டேன். டீ வாங்கிக் குடுத்தேன், பாதிக்கு மேல எறங்கல, மிச்சத்த என்னக் குடிச்சிரச் சொல்லிட்டாரு."

எங்கே போனார்கள் என்று கேட்டேன்.

"அவங்கவங்க ஊருக்குத்தான். திருத்துறைப்பூண்டி பஸ்சு இப்பதான் நகருது. நிக்க எடம் இல்ல, படிக்கட்டு வரைக்கும் ஆளு. ஏம்மா?"

பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்.

"நான் எப்படிம்மா நிறுத்துறது? ஆபீசுல ஒண்ணும் சொல்லலியே. என்னா வெசயம், வெடிகுண்டா?"

சொன்னேன். சுருக்கமாக, இரண்டு முறை. யாரிடமும் போகாமல் தனியாக இருங்கள் என்றேன். 

"எனக்கு வீட்டுல ரெண்டு சின்னதுங்க இருக்கும்மா."

வீட்டுக்குப் போகாதீர்கள் என்றேன்.

"செரி." பிறகு, "வேற யாருக்காச்சும் சொல்லணுமா? எங்கிட்ட போன் இருக்கு. சொல்லுங்க, போட்டுப் பாக்குறேன்."

இருக்கிறது என்றேன். திருத்துறைப்பூண்டி பொது மருத்துவமனை, பிரசவ வார்டு. உள்ளே இருக்கும் ஒரு பெண்ணை யாரும் பார்க்க வராமல் தடுக்க வேண்டும்.

"பேரச் சொல்லுங்கம்மா."

கூடம் 3 இணைப்பைத் திறந்தேன், பவளக்கொடியே சொல்லட்டும் என்று.

19:14

அலைவரிசை துண்டிக்கப்பட்டது. திரையில்: அங்கீகரிக்கப்படாத தகவல் பரிமாற்றம், கட்டுப்பாட்டு அறை உத்தரவு, ஒப்பம் தியாகேசன். ஆய்வுக்கூடத்தின் வெளித்தொடர்புகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன. இந்தப் பதிவேடு மட்டும் இங்கேயே சேமிக்கப்படுகிறது.

கூடம் 3 இணைப்பு உள்தொடர்பு. அது திறந்தே இருக்கிறது. அவர் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலெழுத்து. வார்டு எண். மாடிக்குப் போகும் வழி.

19:16

"டாக்டரம்மா, அந்தாளு எழுதிக்கிட்டாரா?"

நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்; இணைப்பு அறுந்ததை அவரிடம் சொல்லவில்லை.